தாய்ப்பால்: கடன் யாருடையது?

தாய்மையைப் போற்றாத மக்கட் கூட்டம் உலகில் இல்லை. தமிழராகிய நாம் அதனைச் சற்று மிகுதியாகவே போற்றி வந்துள்ளோம். மொழிப்பற்றைத் தாய்ப்பாலோடு ஒப்பிடுவதும், வீரத்தின் ஊற்றைத் தாயின் மார்பிற் காண்பதும், உமையம்மை பொற்கிண்ணத்தில் அளித்த பாலிலிருந்து ஞானசம்பந்தரின் ஞானம் பிறந்தது என்று நம்புவதும் நமது மரபு. ஆயின், போற்றுதல் செலவில்லாத செயல். மேடையிலே தாய்ப்பாலின் பெருமையைப் பேசி முடிப்பவர், தமது தொழிற்சாலையிற் பணிபுரியும் பெண் பிள்ளை பெற்றபின் எத்தனை நாள் வீட்டில் இருக்கலாம் என்ற வினா எழும்போது கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

அப் புகழ்ச்சிக்கும் இக் கணக்கிற்கும் இடையிலுள்ள முரண்பாடே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். பச்சிளங் குழந்தைக்கு நல்லுணவு ஊட்டுதல் தாய் ஒருத்தியின் தனி அறமா? அன்றிச் சமுதாயம் முழுவதும் அவளுக்கும் அவள் குழந்தைக்கும் பட்டுள்ள கடனா? வைத்தியரும் மருத்துவமாதும் விடையளிக்க வேண்டிய வினா இது என்று கூறிச் சிந்தனையாளர் பலர் ஒதுங்கி நிற்பர். ஆயின் இது ஒழுக்கவியலின் வினா. அரசியலின் வினாவும் ஆகும்.

புறநானூற்றிலே பொன்முடியார் பாடிய செய்யுளொன்று கடமைகளைப் பங்கிடுகிறது. தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் இளைஞனுக்கும் தனித்தனியே ஒவ்வொரு கடமையை அது விதிக்கின்றது. போரையே தொழிலாகக் கொண்ட சமுதாயத்தின் தேவைக்கேற்ப அமைந்த பங்கீடு அது. அச் சமுதாயம் மறைந்துவிட்டது. மறைந்தமைக்காக நாம் வருந்தவேண்டியதுமில்லை. எனினும் அச் செய்யுளிலிருந்து கற்கவேண்டிய உண்மையொன்று உண்டு. ஒரு மனிதனை உருவாக்கும் பணியில் தாய் தனித்து விடப்படவில்லை. கொல்லனும் வேந்தனுங்கூட அக் கணக்கில் வருகின்றனர். பிற்கால உபதேசிகளோ, தாய்க்குரிய முதற் கடமையை மட்டும் உரக்கக் கூறி, ஏனையவற்றை வசதியாக மறந்துவிட்டனர்.

முதலில் உண்மை நிலையைச் சுருக்கமாகத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிறந்து ஒரு மணித்தியாலத்துள் குழந்தை தாயின் மார்பை அடைதல் வேண்டும். முதலிற் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால், நோயை எதிர்க்கும் பொருட்கள் செறிந்தது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும், தண்ணீருங்கூட, வேண்டுவதில்லை. அதன்பின் பிற உணவுகளைச் சேர்த்து, இரண்டு வயதுவரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். உலகச் சுகாதார நிறுவனம் இன்று கூறும் நெறி இதுவே. சீம்பாலைக் கழித்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாவில் தடவும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலம் இருந்தது. ஒரு வயதிற்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடிய நஞ்சூட்டத்தை விளைவிக்கக்கூடும் என்பதை இன்று அறிவோம். மரபு என்ற காரணத்தால் மட்டும் ஒன்றைக் காப்பாற்றவேண்டியதில்லை. அதேபோல, மரபு என்ற காரணத்தால் மட்டும் ஒன்றைத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. நமது பாட்டிமார் கையாண்ட சங்கும் பாலாடையும், கழுவித் துப்புரவு செய்தற்கு அரிய சூப்பிப் போத்தலைவிடப் பாதுகாப்பானவை. கிண்ணத்தாலும் கரண்டியாலும் ஊட்டுமாறு இன்றைய வைத்தியர் கூறுவது ஏறக்குறைய அதே முறையைத்தான்.

இவ்வுண்மைகளை அறிந்தவுடன் தாயை நோக்கி விரலை நீட்டுவது எளிது. வரலாற்றில் அவ்வாறு நீட்டியவர் பலர். 1762 ஆம் ஆண்டில் வெளிவந்த 'எமீல்' என்னும் நூலிலே, தாய்மார் தம் குழந்தைகளுக்குத் தாமே பாலூட்டினால் சமுதாயத்தின் ஒழுக்கம் முழுவதும் சீர்ப்படும் என்று ரூசோ வாதிட்டார். அவரோ தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிசிலிருந்த அநாதை விடுதியில் ஒப்படைத்தவர். 1794 ஆம் ஆண்டின் பிரசியச் சட்டக்கோவை இன்னும் ஒருபடி மேலே சென்றது. உடல்நலமுள்ள தாய் தன் குழந்தைக்குத் தானே பாலூட்டக் கடமைப்பட்டவள் என்று விதித்த அச் சட்டம், எவ்வளவு காலம் ஊட்டவேண்டும் என்பதைத் தந்தையே தீர்மானிப்பான் என்றும் விதித்தது. உடலும் உழைப்பும் அவளுடையவை, தீர்மானம் வேறொருவனுடையது. கடமையைச் சுமப்பவர் ஒருவராகவும் அதனை விதிப்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது, அறம் என்ற சொல் அதிகாரத்தின் மறுபெயராகிவிடுகிறது.

நமது இலக்கியத்திலும் இதற்கோர் இணையுண்டு. அகத்திணை மாந்தருள் நற்றாய் வேறு, செவிலித்தாய் வேறு. தோழி என்பவள் செவிலியின் புதல்வியே என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். தலைவியின் காதல், களவு, கற்பு ஆகியவற்றிற்கு எத்தனையோ உரைகள் எழுந்தன. தலைவியை வளர்த்த செவிலி தன் சொந்த மகளை எவ்வாறு வளர்த்தாள், இரு குழந்தைகளுள் யார் முதலிற் பசியாறினர் என்று கேட்ட உரையாசிரியர் எவரும் இலர். உடையார் வீட்டுக் குழந்தைக்கு இல்லார் வீட்டுத் தாயின் பராமரிப்பு சென்றடைதல் பழைய கதை. அது இன்னும் முடியவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இக் கதையிலே புதிய பாத்திரம் ஒன்று நுழைந்தது. அதுதான் வியாபாரக் கொம்பனி. 1860களில் லீபிக் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் குழந்தை உணவொன்றைச் செய்தார். 1867 இல் சுவிற்சலாந்திலே ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் கலந்த உணவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தாயை இழந்த குழந்தைக்கும் பால் சுரக்காத தாய்க்கும் இவை உதவின என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயின், தேவையுள்ளவர்க்கு மட்டும் விற்றால் சந்தை சிறியது. சந்தையைப் பெருக்கவேண்டுமெனில், தேவையில்லாதவரிடமும் தேவையை உண்டாக்கவேண்டும்.

அதை உண்டாக்கும் வழி உடலியலிலேயே அமைந்திருந்தது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே பால் சுரக்கின்றது. உறிஞ்சுதல் குறைந்தால் சுரத்தலும் குறையும். ஆகவே, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் தாயின் கையிலே இலவசமாக ஒரு தகரம் பால்மாவைக் கொடுத்துவிட்டாற் போதும். அத் தகரம் தீரும் நாளில் அவளது பாலும் வற்றத் தொடங்கியிருக்கும். அடுத்த தகரத்தை அவள் விலைக்கு வாங்கியே ஆகவேண்டும். விலை கட்டுப்படியாகாதபோது நான்கு நாளுக்குரிய மாவைப் பத்து நாளுக்கு நீட்டுவாள். கொதிக்கவைக்க விறகில்லாதபோது கிணற்று நீரை அப்படியே கலப்பாள். வயிற்றோட்டமும் மெலிவும் தொடர்ந்து வரும். கொடுத்தது இலவசம், விளைந்தது அடிமைத்தனம்.

இதனை முதலில் வன்மையாகக் கண்டித்தவர்களுள் ஒருவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர். ஆபிரிக்காவின் பொற்கரையிலே பணிபுரிந்த அவர், 'குவாஷியோர்க்கர்' என்ற நோயை 1933 இல் வைத்திய உலகிற்கு எடுத்துக்காட்டினார். அடுத்த குழந்தை பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்ட மூத்த குழந்தையைப் பற்றும் நோய் என்பது அம் மக்களின் மொழியில் அச்சொல்லின் பொருள். நமது மொழியிலுள்ள 'சவலை' என்ற சொல்லும் அத்தகைய பிள்ளையையே குறிக்கும். கடல் கடந்த இரு மக்கட் கூட்டங்கள் ஒரே துன்பத்திற்குத் தத்தம் மொழியிற் பெயரிட்டிருந்தன. 1939 இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்திலே, வியாபாரிகளும் வெள்ளை உத்தியோகத்தரும் கூடியிருந்த சபையில், இனிப்பூட்டிய ரின்பாலைக் குழந்தை உணவென்று விற்பதை அவர் கொலைக்கு ஒப்பிட்டார். அவ்வுரையின் தலைப்பே 'பாலும் கொலையும்' என்பதாகும்.

உலகம் செவிசாய்க்க மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1974 இல் பிரித்தானியாவின் 'வார் ஒன் வோண்ட்' இயக்கம், வறிய நாடுகளில் நடைபெறும் பால்மா விற்பனை முறைகளை அம்பலப்படுத்தும் நூலை வெளியிட்டது. அதனை நெஸ்லேயின் பெயரைத் தலைப்பிலிட்டு ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சுவிஸ் இளைஞர்மீது அக் கொம்பனி அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976 இல் பேர்ன் நீதிமன்றம் இளைஞர் ஒவ்வொருவருக்கும் 300 பிராங்க் தண்டம் விதித்தது. அதே தீர்ப்பில், ஒழுக்கக்கேடு என்ற குற்றச்சாட்டைத் தவிர்க்க விரும்பினால் கொம்பனி தன் விளம்பர முறைகளை மாற்றவேண்டும் என்றும் நீதிபதி கூறினார். 1977 இல் பகிஷ்கரிப்பு இயக்கம் தொடங்கியது. 1981 வைகாசியில், தாய்ப்பாலுக்கு மாற்றீடான உணவுகளின் விற்பனை பற்றிய சர்வதேச ஒழுக்கக்கோவையை உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. ஆதரவு வாக்குகள் 118. எதிர்ப்பு வாக்கு ஒன்று. அவ்வொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது.

அவ்வெதிர்ப்பிற்குப் பின்னால் நின்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்தலாகாது. அது இன்றும் உயிரோடிருக்கிறது. தாய் அறிவுள்ளவள், எதைக் கொடுப்பது என்று தெரிவு செய்யும் சுதந்திரம் அவளுக்கு உண்டு, அதில் அரசு தலையிடலாகாது என்பதே அவ் வாதம். சுதந்திரம் என்ற சொல் நமக்கும் இனியதே. ஆயின் தெரிவு என்பது எப்போது உண்மையான தெரிவாகும்? தெரிந்து கொள்ளுமளவிற்கு உண்மை அவளுக்குக் கிட்டவேண்டும். தெரிந்ததைச் செய்யுமளவிற்கு நேரமும் உணவும் ஓய்வும் அவளிடம் இருக்கவேண்டும். செய்தது பிழையெனக் கண்டால் திரும்பிவரும் வழியும் திறந்திருக்கவேண்டும். தாதி போல வெள்ளுடை அணிந்த விற்பனைப் பெண் கூறுவதை வைத்திய ஆலோசனையென நம்பும் தாய்க்கு முதலாவது இல்லை. பத்தாவது வாரத்தில் வேலைக்குத் திரும்பவேண்டிய தாய்க்கு இரண்டாவது இல்லை. பால் வற்றிவிட்ட தாய்க்கு மூன்றாவது பெரும்பாலும் இல்லை. இம் மூன்றும் இல்லாத இடத்தில் 'சுதந்திரம்' என்பது வாங்குபவரின் சுதந்திரமன்று; விற்பவரின் சுதந்திரமே.

கொம்பனியின் இலாப வேட்கை எந்தக் கொடியின் கீழும் ஒன்றுதான் என்பதையும் முற்போக்காளர் மனங்கொள்ள வேண்டும். 2008 இல் சீனாவிலே, நீர் கலந்த பாலின் புரதக் குறைவை மறைப்பதற்காக மெலமைன் என்ற நச்சுப்பொருள் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 300,000 குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தன. செங்கொடி பறப்பதால் மட்டும் குழந்தையின் உணவு தூய்மையடைந்துவிடாது. மக்களின் கண்காணிப்பும் அச்சமின்றிப் பேசும் உரிமையும் வேண்டும்.

இவ்வாறு கூறுவதனால், பால்மா கொடுக்கும் தாயைக் குற்றக் கூண்டில் ஏற்றுவோரோடு நாம் சேர்ந்துவிடலாகாது. தாய் இறந்திருக்கலாம்; கடும் நோயுற்றிருக்கலாம்; எவ்வளவு முயன்றும் பால் போதாதிருக்கலாம். அவ்வேளையில் முறையாகத் தயாரித்த குழந்தைப் பால்மா உயிர்காக்கும் பொருளே. கொதித்தாறிய, எனினும் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பமுள்ள நீரில், குறித்த அளவு தவறாமற் கரைத்து, பின்பு குடிக்கத்தக்க சூட்டிற்கு ஆற்றி, கிண்ணத்தால் ஊட்டி, இரண்டு மணித்தியாலத்துள் எஞ்சியதைக் கொட்டிவிடல் வேண்டும். 1981 ஆம் ஆண்டின் கோவையும் பால்மாவைத் தடைசெய்யவில்லை. அதனை விளம்பரத்தாலும் இலவசத்தாலும் திணிப்பதையே தடைசெய்தது. பொருளுக்கும் சூழ்ச்சிக்கும் உள்ள இவ் வேறுபாட்டை மறந்தால், நாமும் பிரசியச் சட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடுவோம்.

இனி நமது நாட்டிற்கு வருவோம். 1935 இல், மலேரியாக் கொள்ளைநோய் பரவிய காலத்தில், இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. கிராமந்தோறும் சென்று நிவாரணப் பணி புரிந்த சூரியமல் இயக்கத்தினர், நோயின் கீழே பசி இருந்ததைக் கண்டனர். மருந்தோடு உணவும் கொடுத்தனர். பின்னர் உணவுப் பங்கீடும் இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் வீடுதேடி வரும் மருத்துவமாதும் வந்தமையால் அவ்வெண் படிப்படியாக இறங்கி, இன்று பத்திற்கும் கீழே உள்ளது. தாய்மாரின் அன்பு 1935 இல் குறைவாகவும் இன்று மிகுதியாகவும் இருக்கிறதென்று எவரும் கூறார். மாறியது அன்பன்று, அன்பு பயன்தருவதற்கான சமுதாய ஏற்பாடு.

சர்வதேசக் கோவை வெளிவந்து ஈராண்டுள், 1983 இல், இலங்கை தனக்கென ஒரு கோவையை வகுத்துக்கொண்டது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 தாய்ப்பாலை மட்டுமே அருந்தின. உலகிற் பல செல்வ நாடுகள் எட்டாத நிலை இது. நாம் பெருமை கொள்ளலாம். ஆயின் அதே ஆய்வு மற்றொன்றையும் கூறுகிறது. ஐந்து வயதிற்கு உட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் இது ஏறத்தாழ 32. முதல் ஆறு மாதத்தில் தாய் தன் உடலிலிருந்து கொடுத்ததை, ஏழாம் மாதத்திலிருந்து வீட்டின் அடுக்களையும் நாட்டின் பொருளாதாரமும் கொடுக்கவேண்டும். தாய் தன் பங்கைச் செலுத்திவிட்டாள்; மற்றவர் பங்கே நிலுவையில் நிற்கிறது.

ஏழாம் மாதத்தில் குழந்தைக்கு வேண்டுவது என்ன? பிறக்கும்போது உடலிற் சேமித்துவந்த இரும்புச்சத்து அப்போது தீர்ந்துவிடுகிறது. கஞ்சித் தெளிவு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. கரண்டியிலிருந்து வழிந்தோடாத கட்டியாக மசித்த சோறும் பருப்பும் பயறும், கீரையும் பூசணியும், நாளடைவில் முட்டையும் மீனும் ஈரலும் சிறிது எண்ணெயும் வேண்டும். கழுவிய கையும் கொதித்தாறிய நீரும் அவ்வப்போது சமைத்த உணவும் வேண்டும். ஒரு வயதுவரை உப்பும் சீனியும் வேண்டா. தொண்டையில் அடைக்கக்கூடிய முழுக்கடலையைச் சிறுபிள்ளைக்குக் கொடுத்தலாகாது. இவற்றுள் எதுவும் விந்தையானதன்று. ஆயினும் முட்டையும் மீனும் காசால் வருவன. சுத்தமான நீர் குழாயால் வருவது. அவ்வப்போது சமைத்தல் நேரத்தால் வருவது. காசும் குழாயும் நேரமும் இல்லாத லயன் காம்பராவில் சுகாதாரப் பிரசுரம் வெறுங் காகிதமே. 2021 இல் நீண்ட போராட்டத்தின்பின் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. 2022 பங்குனியில் 400 கிராம் பால்மாப் பொதியின் விலை 800 ரூபாவை அண்மியது. அதே ஆண்டில், அரசு தாய்மாருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் வழங்கிவந்த திரிபோஷவும், தகுந்த சோளம் கிடையாமையால் சிறுபிள்ளைகளுக்குத் தடைப்பட்டது.

சட்டத்தையும் நோக்குவோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது வைத்திய நெறி. அது ஏறத்தாழ 180 நாள். 2018 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தனியார் துறைப் பெண்ணுக்கு எத்தனையாவது பிள்ளைப்பேறாயினும் அளித்த விடுமுறை 84 நாள். அதற்குமுன் மூன்றாம் பிள்ளைக்குக் கிடைத்தது 42 நாளே. 180 இல் 84 ஐக் கழித்தால் எஞ்சும் 96 நாளும் யாருடைய கணக்கு? ஒரு வயதிற்கு உட்பட்ட பிள்ளையுடைய தொழிலாளிக்கு நாளொன்றுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகள் சட்டத்தில் உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம், இல்லையேல் ஒரு மணித்தியாலம். மலையுச்சியிற் கொழுந்து பறிப்பவள் பிள்ளைக் காம்பராவிற்கு இறங்கி ஏறுவதற்குள் அரை மணித்தியாலம் போய்விடும். பறித்த நிறையும் குறைந்துவிடும். கூலிவயலில் நாற்று நடுபவளுக்கும், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குபவளுக்கும், சுருட்டுச் சுற்றுபவளுக்கும் இவ்விடைவேளை ஏட்டளவிற்கூட எட்டுவது அரிது.

செவிலியின் கதை முடியவில்லை என்றோமல்லவா? மேற்காசியாவின் செல்வர் வீடுகளில் பிறர் பிள்ளைகளை வளர்க்கச் செல்லும் நமது பெண்களே இன்றைய செவிலியர். ஐந்து வயதிற்கு உட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகச் செல்லலாகாது என்று 2013 இல் அரசு விதித்தது. பிள்ளையின் நன்மையே காரணமெனப்பட்டது. ஆனால் அவள் வீட்டிலிருந்தவாறே உழைத்துண்ண ஒரு வழி காட்டப்படவில்லை. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, ஐந்து என்பது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் தேவை மாறவில்லை; திறைசேரியின் தேவை மாறிற்று. தாய்மை பற்றிய நமது அறநெறி எதன்மீது நின்றிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

ஆதலின் நாம் எடுத்த வினாவிற்கு விடை இது. கடமை என்பது அதனைச் செய்வதற்கான ஆற்றலோடு பிணைந்தது. ஆற்றலைப் பறித்துவிட்டுக் கடமையை மட்டும் வற்புறுத்துதல் அறமன்று, கொடுமை. குழந்தைக்குப் பாலூட்டத் தாய் விரும்புகிறாள் என்பதை அந்த நூற்றுக்கு 82 ஐயத்திற்கிடமின்றி நிறுவிவிட்டது. இனி உபதேசம் வேண்டுவது அவளுக்கன்று. பொன்முடியார் காலத்துப் பங்கீட்டை நமது காலத்திற்கேற்பத் திருத்தி எழுதுவோமாயின், அது இவ்வாறு அமையும். தந்தையின் கடன், வீட்டுவேலையில் பாதியைச் சுமத்தலும் அவள் உண்டபின் தான் உண்ணலும். முதலாளியின் கடன், சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் வேலைத்தலத்தருகே பிள்ளைக் காம்பராவும். வியாபாரியின் கடன், விற்பதை மறைக்காமற் கூறலும் இலவசத்தால் வலைவிரியாமையும். அரசின் கடன், ஆறு மாதத்திற்குக் குறையாத பேற்று விடுமுறையும், குழாய்நீரும், நிறுத்தப்படாத சத்துணவும். தொழிற்சங்கத்தின் கடன், பாலூட்டும் இடைவேளையைச் சம்பளக் கோரிக்கையோடு ஒரே வரிசையில் வைத்துப் போராடல்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு பங்குண்டு. மனையியற் பாடத்தில் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கற்பிக்கும் பொருளாக இதனை ஒதுக்கிவிடாது, இருபாலாருக்கும் கற்பித்தல் வேண்டும். சவலைப்பிள்ளை ஏன் சவலையாயிற்று என்று வகுப்பறையிற் கேட்கவேண்டும். அவ்வினாவைக் கேட்கப் பழகிய தலைமுறை, தாய்மையை மேடையிற் போற்றுவதோடு அமைதி கொள்ளாது. நிலுவையிலுள்ள கடனைத் தீர்க்குமாறு உரியவரிடம் கேட்கத் தொடங்கும்.